எல்.டி.பி.யைக் கடைசியாகப் பாருங்கள்: டிமார்ட் ஆப்ஷன் செயின், முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், 61 நாளைக்கு விசைப்படகுகள் கரையில் நிற்கும். மண்டபத்தில் நான் கணக்கெழுதும் நண்டு கம்பெனிக்கு நாட்டுப்படகு நண்டு மட்டும் கொஞ்சம் வரும். அந்த இரண்டு மாதத்தில்தான் மொபைலை நீட்டிக்கொண்டு என்னிடம் ஆட்கள் வருவார்கள். "அண்ணே, இதுல எதை வாங்குறது?" என்பதுதான் எல்லோர் கேள்வியும். அவர்கள் விரல் நிற்கும் இடமும் ஒன்றுதான்: எல்.டி.பி. (கடைசியாகக் கைமாறிய விலை) என்ற கட்டத்தில், இருப்பதிலேயே குறைந்த விலை.

அந்தக் கட்டத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஒரு பங்கைக் குறித்த தேதியில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்தான் ஆப்ஷன்; ஒரு பங்கின் ஆப்ஷன்கள் எல்லாவற்றையும் விலையோடு காட்டும் பட்டியல் ஆப்ஷன் செயின். ஆப்ஷன் செயினை எந்த வரிசையில் படிக்க வேண்டும், ஏன் அந்த வரிசை என்பதை டிமார்ட் பங்கை வைத்து எழுதியிருக்கிறேன். கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் நிறுவனத்தின் பங்கு அது. கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் திரையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக் கணக்குப் பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டோக்கன் வாங்காமல் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. இங்கே டோக்கன் என்பது எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) அனுமதி. பங்கு வாங்கி விற்க டீமேட் கணக்கு போதும், ஆப்ஷனுக்கு அது போதாது. ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, டீமேட்டில் ஏற்கெனவே உள்ள பங்குகள் என ஏதாவது ஒரு வருமானச் சான்று கொடுத்து இந்தப் பிரிவைத் தனியாகத் திறக்க வேண்டும். அதற்கு ஓரிரு நாள் ஆகலாம். வாங்க நினைக்கிற அன்றைக்குக் காலையில் விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, தொலைந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்கிற பணம். படகு எஞ்சினுக்கு வைத்த பணமோ, வட்டிக்கு எடுத்த பணமோ, நகைக்கடன் பணமோ வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93% பேர் நட்டம் அடைந்தார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இதைச் சொன்னால் வருகிற ஆள் எல்லாம் தன்னை மீதி ஏழு பேரில் வைத்துக்கொள்கிறார்.

மூன்றாவது, ஒரு நோட்டும் பேனாவும். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

நான்காவது கொஞ்சம் சில்லறை விஷயம், ஆனால் நம்ம பக்கத்தில் இதை மறந்தவர்கள் உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்றால், சந்தை நடக்கும் 9:15 முதல் 3:30 வரை மொத்தமும் போய்விடும். சார்ஜ் இல்லாத மொபைலோடு திறந்த வர்த்தகத்தை வைத்திருக்கக் கூடாது.

2. எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

செயினைத் திறந்ததும் மேலே எக்ஸ்பயரி தேதி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள், இருக்கும். பங்கு ஆப்ஷனில் வாராந்திர எக்ஸ்பயரி கிடையாது. நடப்பு மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என மூன்று மட்டுமே. தேசிய பங்குச் சந்தையில் 2025 செப்டம்பர் முதல் மாதத்தின் கடைசி செவ்வாய்தான் எக்ஸ்பயரி. அன்று விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வர்த்தக நாள். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கடைசி வியாழன் என்று நினைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம், கீழே தெரியும் அத்தனை எண்ணும் இந்த ஒரு தேதியைப் பொறுத்தே மாறும். தேதியைக் கவனிக்காமல் விலையை ஒப்பிடுவது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று கேட்காமல் மீன் விலை பேசுவது மாதிரி.

என் வழக்கம்: நடப்பு மாத எக்ஸ்பயரிக்குப் பத்து நாளுக்குக் கீழே இருந்தால் அதைத் தொடமாட்டேன், அடுத்த மாதத்துக்குப் போவேன். மூன்றாவது மாதத்தில் வாங்குபவரும் விற்பவரும் குறைவு. அங்கே போவதில்லை.

3. ஸ்பாட் விலையை லாட்டால் பெருக்குங்கள்

டிமார்ட் பங்கின் இப்போதைய சந்தை விலை, அதாவது ஸ்பாட், 4,000 ரூபாய், லாட் (ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் பங்குகள்) 150 பங்கு, எக்ஸ்பயரிக்கு 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். லாட் அளவை எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது மாற்றும். ஒவ்வொரு மாதமும் சரிபாருங்கள்.

4,000 × 150 = 6 லட்சம். ஒரு லாட் ஆப்ஷனுக்குப் பின்னால் நிற்கும் சரக்கின் மதிப்பு இது. நீங்கள் கொடுக்கும் பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, அதற்கான அச்சாரம் போன்றது, சரக்கின் விலை அல்ல. இந்த 6 லட்சத்தை நோட்டில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். பதினோராவது படியில் அது திரும்பி வரும்.

4. செயினின் நடுக்கோடு

நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் எண்கள்தான் ஸ்ட்ரைக் விலைகள். இடப்பக்கம் கால் (call), வலப்பக்கம் புட் (put). கால் வாங்கினால் அந்த விலைக்கு வாங்கும் உரிமை, புட் வாங்கினால் அந்த விலைக்கு விற்கும் உரிமை.

முதலில் ஸ்பாட்டுக்கு மிக அருகில் உள்ள ஸ்ட்ரைக்கைக் கண்டுபிடியுங்கள். நம் கணக்கில் 4,000. அதுதான் ஏ.டி.எம். எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தில் ஒரு பக்கத்துக் கட்டங்கள் வேறு நிறத்தில் இருக்கும். அவை ஐ.டி.எம்., அதாவது இப்போதே உள்மதிப்பு உள்ளவை. நிறமில்லாதவை ஓ.டி.எம்.; அவற்றின் விலை முழுக்க முழுக்க நம்பிக்கை, நேரம் இரண்டுக்கும் கொடுக்கும் காசு.

புதியவர்கள் நிறமுள்ளது நல்லது, நிறமில்லாதது கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இப்போதைக்கு ஏ.டி.எம். வரிசையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

5. பிட், ஆஸ்க்: உண்மையான விலை இங்கேதான்

எல்.டி.பி. என்பது கடைசியாக எந்த விலைக்குக் கைமாறியது என்பது மட்டும். அது எப்போது கைமாறியது என்று செயின் சொல்லாது. ஏ.டி.எம். பக்கம் இரண்டு நொடிக்கு முன்பாக இருக்கலாம், தூரத்து ஸ்ட்ரைக்கில் காலை 10 மணிக்கு நடந்ததாக இருக்கலாம். காலையில் ஏலத்தில் போன விலையைச் சாயங்காலம் சொல்லி யாரும் நண்டு வாங்க முடியாது.

பிட் என்பது இந்த நொடியில் வாங்குபவர் கேட்கும் விலை. ஆஸ்க் என்பது விற்பவர் சொல்லும் விலை. அவசரமாக வாங்கினால் ஆஸ்க் விலைக்குக் கிடைக்கும், அவசரமாக விற்றால் பிட் விலைதான் வரும்.

போன தடைக்காலத்தில் வந்த ஒரு தம்பி 4,300 கால் பக்கம் விரலை வைத்தார். "16 ரூபாய்தானே அண்ணே, ரெண்டு லாட் போட்டுடலாமா?" எல்.டி.பி. 16 என்றுதான் காட்டியது. பக்கத்தில் பார்த்தால் பிட் 18.50, ஆஸ்க் 23.50. பதினாறுக்குத் தர அங்கே யாருமே இல்லை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லாட் 23.50-க்கு வாங்கினால் 3,525 ரூபாய். பங்கு அசையவே இல்லை, அடுத்த நிமிடம் மனது மாறி விற்கிறார் என்றால் 18.50-தான் கிடைக்கும். 5 ரூபாய் × 150 = 750 ரூபாய் போயிற்று. போட்ட பணத்தில் 21%. விலை குறைந்த ஆப்ஷனுக்கு இப்படித்தான் மறைவாக விலை ஏறுகிறது.

நான் வைத்திருக்கும் அளவுகோல்: பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையிலான இடைவெளி, இரண்டின் சராசரியில் 3%-க்கு மேல் போனால் அந்த ஸ்ட்ரைக் வேண்டாம். 4,000 கால் பிட் 111, ஆஸ்க் 113 என்று இருந்தால் இடைவெளி 2 ரூபாய், 2%-க்கும் குறைவு. வாங்கலாம், திரும்ப விற்கவும் ஆள் இருக்கும். பிட் அளவு, ஆஸ்க் அளவு என்ற கட்டங்களையும் பாருங்கள். ஒரே ஒரு லாட்டுக்குத்தான் ஆள் நிற்கிறாரா, வரிசை இருக்கிறதா என்று அவை சொல்லும்.

காலை 9:15-க்குச் சந்தை திறந்ததும் இந்த இடைவெளி அகலமாக இருக்கும். விலை சொல்கிறவர்களும் அப்போதுதான் வந்து உட்காருகிறார்கள். 9:45 வரை செயினைப் பார்க்கலாம், ஆர்டர் போட வேண்டாம்.

6. ஐ.வி.: பாம்பனில் கூண்டு ஏறிவிட்டதா?

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றும்போது நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். புயல் வருமா, வேறு பக்கம் திரும்புமா, யாருக்கும் தெரியாது. ஆனால் கூண்டு ஏறியதும் கரையில் எல்லாம் மாறிவிடும். ஐ.வி. என்பது அந்தக் கூண்டு. பங்கு மேலே போகுமா கீழே போகுமா என்பதை அது சொல்லாது. பெரிதாக அசையும் என்று ஆப்ஷன் வாங்குபவரும் விற்பவரும் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லும். எதிர்பார்ப்பு கூடினால் பிரீமியமும் கூடும்.

டிமார்ட்டில் கூண்டு ஏறும் நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் குறிக்க முடியும். காலாண்டு முடிந்ததும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் சில நாட்களில் விற்பனை வருவாயையும் கடைகளின் எண்ணிக்கையையும் நிறுவனம் அறிவிக்கும். லாபத்தோடு கூடிய முழு முடிவு அதற்குப் பின் தனியாக வரும், பல முறை சனிக்கிழமையில். ஆக ஒரே காலாண்டுக்கு இரண்டு அடி. ஆப்ஷன் படிக்க வருபவர்களில் பாதிப் பேருக்கு முதல் அறிவிப்பு இருப்பதே தெரிவதில்லை.

அந்த முதல் அறிவிப்பு சின்ன விஷயம் இல்லை. 2025 ஜனவரி 2 அன்று வருவாய் விவரம் வந்தது. மறுநாள் பங்கு 10%-க்கு மேல் ஏறி முடிந்தது. எதிர்த்திசையும் உண்டு. 2024 அக்டோபரில் முழு முடிவு ஒரு சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை பங்கு 8%-க்கு மேல் விழுந்தது. வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் நீங்கள் எதுவும் செய்ய முடியாது.

இப்போது புதியவர்களை அதிகம் அழவைக்கும் இடம். "ரிசல்ட் நல்லா வரும்னு கால் வாங்கினேன், நல்லாத்தான் வந்துச்சு, பங்கும் ஏறுச்சு, ஆனா எனக்கு நட்டம்" என்று கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போன் செய்தார். கணக்கு இப்படித்தான் ஓடியிருக்கும்: வெள்ளிக்கிழமை ஸ்பாட் 4,000, ஐ.வி. 40, எக்ஸ்பயரிக்கு 17 நாள். 4,000 கால் ஏறக்குறைய 144 ரூபாய். சனிக்கிழமை முடிவு. திங்கட்கிழமை பங்கு 4,060. ஆனால் எதிர்பார்த்த செய்தி வந்து முடிந்ததால் ஐ.வி. 27-க்கு இறங்கிவிட்டது, மூன்று நாளும் கழிந்தது. அதே கால் இப்போது 125-க்குப் பக்கத்தில்தான். பங்கு 60 ரூபாய் ஏறியும் லாட்டுக்கு 2,850 ரூபாய் நட்டம். கூண்டை இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் இந்தப் படியில் செய்ய வேண்டியது: ஏ.டி.எம். வரிசையின் ஐ.வி.யை நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதச் செயினைத் திறந்து அதன் ஏ.டி.எம். ஐ.வி.யையும் பக்கத்தில் எழுதுங்கள். நடப்பு மாதம் தெளிவாக உயர்ந்து நின்றால் முன்னால் ஏதோ நிகழ்வு இருக்கிறது என்று அர்த்தம். என்ன நிகழ்வு என்று தெரியாமல் மேலே போகாதீர்கள். ஒரே நாள் ஐ.வி.யை வைத்து அதிகமா குறைவா என்று சொல்லவும் முடியாது. இரண்டு வாரம் தினமும் எழுதி வந்தால்தான் கண்ணுக்குப் பழகும்.

7. எவ்வளவு தூரம் போகும் என்று சந்தை நினைக்கிறது?

எக்ஸ்பயரிக்கு 20 நாள், ஐ.வி. 28 என்ற அமைதியான மாதத்துக்கு வருவோம். ஏ.டி.எம். கால் 112, புட் 98. இரண்டையும் கூட்டினால் 210. அதை 4,000-ஆல் வகுத்தால் 5.25%. எக்ஸ்பயரிக்குள் பங்கு இரண்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய இவ்வளவு அசையலாம் என்று இன்றைய விலைகள் நினைக்கின்றன. இது ஜோசியம் இல்லை, தோராயம்.

அந்தத் தம்பியின் 4,300 காலுக்கு இப்போது திரும்புங்கள். 23.50-க்கு வாங்கினால் எக்ஸ்பயரியில் அசல் திரும்பவே பங்கு 4,323.50-ஐத் தொட வேண்டும். 8.1% ஏற்றம். சந்தை நினைப்பது 5.25%. இதைக் காட்டியதும் அவரே விரலை எடுத்துவிட்டார்.

8. ஓ.ஐ.: பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

ஓ.ஐ. என்றால் இன்னும் முடிக்கப்படாமல் திறந்திருக்கும் ஒப்பந்தங்கள். எக்ஸ்சேஞ்ச் இணையதளம் இதை ஒப்பந்த எண்ணிக்கையில் காட்டுகிறது. சில செயலிகள் பங்கு எண்ணிக்கையில் காட்டும், அதாவது லாட்டால் பெருக்கிய எண். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு "இங்கே 150 மடங்கு அதிகம்" என்று பதறியவரை எனக்குத் தெரியும்.

அதிக ஓ.ஐ. உள்ள கால் ஸ்ட்ரைக்கை பங்கு தாண்டாது என்று பலர் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கியவரும் உண்டு, விற்றவரும் உண்டு. யார் பெரிய ஆள், யார் வேறு எதற்காவது பாதுகாப்பாக எடுத்தார் என்பதை அந்த எண் சொல்லாது. ஓ.ஐ.யும் அன்றைய வால்யூமும் நன்றாக இருக்கும் ஸ்ட்ரைக்கில் வெளியேறுவது எளிது. நான் அதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

இன்னொன்று: மொத்த ஓ.ஐ. வரம்பில் 95%-ஐத் தாண்டினால் அந்தப் பங்கு எஃப் அண்ட் ஓ தடைப் பட்டியலுக்குப் போகும். அப்போது புதிதாக எடுக்க முடியாது, இருப்பதைக் குறைக்கத்தான் முடியும். அன்றன்றைய பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

9. ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுப்பது

இதுவரை கட்டங்களைக் கழித்துக்கொண்டே வந்தோம். இடைவெளி அகலமானவை போயின, எட்டாத் தூரத்தில் இருப்பவை போயின. மிச்சம் இருப்பது ஏ.டி.எம். சுற்றி நான்கைந்து வரிசைகள்தான். இப்போதுதான் உங்கள் கருத்துக்கு வேலை: பங்கு ஏறும் என்கிறீர்களா, எவ்வளவு, எத்தனை நாளில்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் செயினை மூடிவிடுங்கள்.

நேரடியாக 4,000 கால் ஒரு லாட் எடுத்தால் 112 × 150 = 16,800 ரூபாய். அதன் டெல்டா 0.5-ஐ ஒட்டி இருக்கும். பங்கு 10 ரூபாய் ஏறினால் பிரீமியம் 5 ரூபாய்க்குச் சற்று மேல் ஏறும். 4,300 காலில் அதே 10 ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய்தான். இன்னொரு பக்கம், ஒன்றும் நடக்காமல் ஒரு நாள் கழிந்தால் ஏ.டி.எம். பிரீமியத்தில் சுமார் 3 ரூபாய் கரையும். லாட்டுக்கு 450 ரூபாய், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்தால் எப்படி உருகுமோ அப்படி, கடைசி வாரத்தில் இன்னும் வேகமாக.

16,800 அதிகமாகத் தெரிந்தால் தூரத்து ஸ்ட்ரைக்குக்கு ஓடாமல் ஸ்ப்ரெட் போடலாம். 4,000 காலை 112-க்கு வாங்கி, 4,200 காலை 40-க்கு விற்பது. கையிலிருந்து போவது நிகரமாக 72 × 150 = 10,800. அதிகபட்ச நட்டம் அதுதான். அதிகபட்ச லாபம் 128 × 150 = 19,200. அசல் திரும்பும் இடம் 4,112-இலிருந்து 4,072-க்கு இறங்குகிறது. ஐ.வி. இறங்கினாலும் ஒரு கால் இழப்பதை மற்றொன்று ஓரளவு ஈடுகட்டும். விற்கும் காலுக்கு மார்ஜின், அதாவது பிணைப் பணம், பிடிப்பார்கள். முதலில் வாங்கி, பிறகு விற்றால் அது குறையும். வரிசை மாறினால் மார்ஜின் போதாது என்று ஆர்டர் திரும்பிவிடும்.

வெறுமனே கால் விற்பதையோ புட் விற்பதையோ நான் இங்கே சொல்லித்தரப் போவதில்லை. திங்கட்கிழமை காலை 10% அடிக்கும் பங்கில் அது புதியவருக்கு வேண்டாத வேலை.

மொத்தம் 50,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் ஒரு லாட்டே அதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படி இருப்பவரை நான் மூன்று மாதம் நோட்டில் மட்டும் வர்த்தகம் எழுதச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது.

10. ஆர்டர் போடுவது

லிமிட் ஆர்டர் மட்டும், அதாவது நீங்கள் சொல்லும் விலைக்கு மேல் வாங்காத ஆர்டர். பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவில் தொடங்குங்கள். 111, 113 என்றால் 112. ஒரு நிமிடம் கிடைக்காவிட்டால் 50 காசு ஏற்றுங்கள். துரத்திக்கொண்டே போகாதீர்கள்.

ஆர்டர் திரையில் நான்கை வாய்விட்டுப் படியுங்கள்: மாதம், ஸ்ட்ரைக், காலா புட்டா, வாங்குவதா விற்பதா. சிரிப்பாக இருக்கும். நானே ஒரு முறை புட் எடுத்துவிட்டு அரை மணி நேரம் பங்கு ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

11. வெளியேறுவது: திங்கட்கிழமை கடலும் செவ்வாய்க்கிழமை எக்ஸ்பயரியும்

வாங்கும்போதே மூன்று வெளியேறும் புள்ளிகளை எழுதுங்கள். எந்த விலைக்கு நட்டத்தோடு முடிப்பேன், எந்த விலைக்கு லாபத்தோடு முடிப்பேன், எந்தத் தேதிக்குள் எப்படி இருந்தாலும் முடிப்பேன். முதலிரண்டை எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

குறித்த விலைக்கு இறங்கியதும் விற்று நட்டத்தை நிறுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் பற்றி ஒன்று. தேசிய பங்குச் சந்தையில் ஆப்ஷனுக்கு எஸ்.எல். மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு விற்றுவிடும் ஸ்டாப் லாஸ்) 2021 செப்டம்பர் முதல் கிடையாது. லிமிட்டோடு கூடிய ஸ்டாப் லாஸ்தான் உண்டு. விலை உங்கள் லிமிட்டையும் தாண்டிக் குதித்துவிட்டால் ஆர்டர் அப்படியே கிடக்கும். தூண்டிவிடும் விலைக்கும் லிமிட்டுக்கும் நடுவில் நான்கைந்து ரூபாய் இடம் விடுங்கள்.

இனி தேதி. பங்கு ஆப்ஷன்கள் 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்குகளிலும் காசாக முடிவதில்லை, பங்காகவே கைமாறும். எக்ஸ்பயரி அன்று உங்கள் 4,000 கால் ஐ.டி.எம். ஆக இருந்தால் 150 பங்கையும் நீங்கள் வாங்கியாக வேண்டும். மூன்றாவது படியில் எழுதிய 6 லட்சம் இதுதான். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லி விட முடியாது. புட் வாங்கியவர் 150 பங்கைக் கொடுக்க வேண்டும். டீமேட்டில் இல்லையென்றால் அது ஏலத்துக்குப் போகும், அந்த நட்டமும் அபராதமும் உங்கள் தலையில் விழும்.

ஐ.டி.எம். ஆப்ஷன் வாங்கி வைத்திருந்தால் எக்ஸ்பயரிக்கு நான்கு நாள் முன்பிருந்தே டெலிவரி மார்ஜின் கேட்கத் தொடங்குவார்கள், அது தினமும் கூடிக்கொண்டே போகும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் பல புரோக்கர்கள் தாங்களாகவே கிடைத்த விலைக்கு விற்றுவிடுவார்கள்.

ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுப் பையன் ஒருவருக்கு இது நடந்தது. திங்கட்கிழமை டோக்கன் போட்டுக் கடலுக்குப் போனார். கால் லாபத்தில் இருந்தது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். சிக்னல் கொஞ்ச தூரம்தான் வரும். மறுநாள் பாடு இறக்கி, வலையைச் சரிசெய்து, மொபைலைத் திறந்தபோது மார்ஜின் கேட்டு வரிசையாக மெசேஜ்கள். எக்ஸ்பயரி அந்தச் செவ்வாய்தான். மதியம் அவசரமாக வெளியேறினார். எக்ஸ்பயரி நாளில் ஐ.டி.எம். பக்கம் வாங்க ஆள் குறைவு, பிட் விலை உள்மதிப்புக்கும் கீழே நின்றது. லாபத்தில் பாதிக்கு மேல் அந்த இடைவெளியில் போயிற்று. டெலிவரிக்குப் போகாமல் தப்பித்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

என் தேதி விதி: எக்ஸ்பயரிக்கு முந்தைய வாரத்தின் புதன்கிழமை. லாபமோ நட்டமோ அன்று முடித்துவிடுவேன். டெலிவரி மார்ஜின் தொடங்குவதற்கு முன்பே வெளியே வந்துவிடலாம், பிட் ஆஸ்க் இடைவெளியும் அப்போது இன்னும் விரியாது. கடலுக்குப் போகிறவர் என்றால் படகு கிளம்பும் முன்பு முடியுங்கள், எந்த நாளாக இருந்தாலும்.

ஸ்ப்ரெட் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முடிக்கும்போது விற்ற 4,200 காலை முதலில் திரும்ப வாங்குங்கள், பிறகு 4,000 காலை விற்றுவிடுங்கள். தலைகீழாகச் செய்தால் நடுவில் வெறும் விற்பனையாக நின்று பெரிய மார்ஜின் கேட்கும். இரண்டாவது, எக்ஸ்பயரி அன்று பங்கு 4,000-க்கும் 4,200-க்கும் நடுவில் நின்றால் ஒரு கால் மட்டும் ஐ.டி.எம். ஆகும். "ஸ்ப்ரெட்தானே, நட்டம் 10,800-க்கு மேல் போகாது" என்று இருந்தவருக்கு 6 லட்சத்துக்கு டெலிவரி வந்து நிற்கும்.

12. நோட்டும் வரியும்

ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ஒரு பக்கம். எடுத்த அன்று ஸ்பாட், ஐ.வி., பிட், ஆஸ்க், எக்ஸ்பயரிக்கு மிச்ச நாள், எழுதிய மூன்று வெளியேறும் புள்ளிகள். முடித்த அன்று அதே எண்கள் திரும்பவும். பங்கு எதிர்த்திசையில் போனதால் நட்டமா, ஐ.வி. இறங்கியதாலா, நாள் கரைந்ததாலா என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். கீழக்கரைக் காக்கா இதை எழுதியிருந்தால் எனக்குப் போன் செய்யத் தேவை இருந்திருக்காது.

கான்ட்ராக்ட் நோட்டில் புரோக்கரேஜ், எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி), எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை எல்லாம் தனித்தனியாக இருக்கும். எஸ்.டி.டி. விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது, நோட்டில் உள்ளதையே எடுங்கள். லாபம் என்று எழுதும் எண்ணில் இவற்றைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

எஃப் அண்ட் ஓ வருமானம் ஊக வணிகம் அல்லாத தொழில் வருமானமாகக் கணக்கில் வரும். ஐ.டி.ஆர்-3 படிவம். நட்டம்தானே என்று தாக்கல் செய்யாமல் விடுபவர்கள் அதிகம். கெடுவுக்குள் தாக்கல் செய்தால் அந்த நட்டத்தை எட்டு ஆண்டு வரை முன்னே கொண்டுபோய், பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் போகும்போது புரோக்கர் தரும் வரி அறிக்கையோடு இந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.